பழைய காரில் மின்சாரம் திரும்பும் வழி

பேட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் பேட்டரிக்கே திரும்பினால்தான் சுற்று முழுமை பெறும் என்றாலும், காரில் போக ஒரு வயர், வர ஒரு வயர் என இரண்டு இழுக்கப்படுவதில்லை. போகும் வழிக்கு மட்டுமே வயர் உண்டு, திரும்பும் வழி வண்டியின் இரும்பு உடல்தான். பட்டறை வழக்கில் ‘பாடி எர்த்’ எனப்படும் இந்த ஏற்பாடு செம்பை மிச்சப்படுத்துகிறது. ஆனால் இரும்பு துருப்பிடிக்கும். 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் போன்ற வண்டிகளில், வயரையும் பல்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தும் தீராத கோளாறுகள் பல, எவரும் எட்டிப் பார்க்காத இந்தத் திரும்பும் வழியிலேயே ஒளிந்திருக்கின்றன.

இண்டிகேட்டர் போட்டவுடன் அதன் பக்கத்திலுள்ள டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குவது இதற்கு நல்ல அடையாளம். பின்விளக்கின் எர்த் திருகு துருவேறியதால் வழி அடைபட்ட மின்னோட்டம், பக்கத்து பல்பின் இழைக்குள் நுழைந்து, வேறொரு விளக்கின் எர்த்தைத் தேடிப் போகிறது. எஞ்சினில் இதே கதை பெரிதாக நடக்கும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்குகளின் மேல் அமர்ந்திருப்பதால், அதைப் பாடியோடு மின்வழியாக இணைப்பது செப்புக் கம்பிகளால் பின்னப்பட்ட ஒரு பட்டை மட்டுமே; அது அறுந்துவிட்டால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூறு ஆம்பியருக்கும் மேலான மின்னோட்டம் சோக் கேபிள் வழியாகவோ ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவோ திரும்ப முயன்று, தொட்டால் சுடும் அளவுக்கு, சில வேளை புகையும் அளவுக்கு, அதைச் சூடாக்கிவிடும். குறையில்லாத செல்ஃப் மோட்டார் கழற்றப்பட்டுப் பட்டறைக்குப் போவது பெரும்பாலும் இத்தகைய சமயத்தில்தான்.

வயர் அறுந்திருக்கிறதா என மல்டிமீட்டரின் ‘பீப்’ ஒலியை வைத்து முடிவு செய்வது இங்கே உதவாது. அந்தச் சோதனையில் பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது. முப்பது இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் கருவி ஒலிக்கும். மின்னோட்டம் பாயும்போதே அளப்பதுதான் சரியான முறை. காரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, பெட்ரோல் வண்டியானால் எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி இக்னிஷன் காயிலுக்கு வரும் வயரைக் கழற்றி வைத்து, மீட்டரின் ஒரு முனையைப் பாடியோடு இணைந்த பேட்டரி முனையிலும் மறுமுனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் ஊன்றிக்கொண்டு, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் தடை இருக்கிறது. ஓம் விதிப்படி, ஓர் ஓமில் நூறில் ஒரு பங்குத் தடையில் 150 ஆம்பியர் பாய்ந்தால் 1.5 வோல்ட் அங்கேயே கரைந்துபோகிறது. ஹெட்லைட்டுக்கு இழப்பு இன்னும் கடுமை. இழை பல்பில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும்.

இவற்றுக்கு முன் பேட்டரியைப் பார்த்துவிடுவது முறை. ஆறு செல்கள் கொண்ட பேட்டரி முழுதாக ஏறி, ஓய்விலிருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் மற்ற சோதனைகளின் முடிவை நம்புவதற்கில்லை. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் எஞ்சின் ஓடும்போது அளவு 14 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். அதற்கு முந்தைய டைனமோ, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது போதிய மின்சாரம் தராது என்பதால், சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டிலுள்ள சிவப்பு சார்ஜ் விளக்கு லேசாக எரிவது அந்த வண்டிகளின் இயல்பே தவிரக் கோளாறன்று. 1950களின் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பாடியோடு இணைவது பேட்டரியின் நேர்முனை என்பதும் நினைவில் இருக்க வேண்டும். இன்றைய ரேடியோவை அதில் அப்படியே பொருத்தினால் அது கருகிவிடும்.

அடிக்கடி அறுபடும் ஃபியூஸில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அப்படிச் சுற்றிய பின், அதிக மின்னோட்டம் வந்தால் உருகுவது ஃபியூஸ் அல்ல, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் வயர்க்கட்டு.

எர்த் கோளாறு உறுதிப்பட்டால் வேலை எளியது. திருகைக் கழற்றி, அதன் அடியிலுள்ள பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து வெறும் உலோகம் பளிச்சிடச் செய்து, பல்லுள்ள வாஷர் இட்டு இறுக்கி, ஈரம் புகாமல் மேலே சிறிது கிரீஸ் தடவிவிட்டு, அதே இடத்தில் மீட்டரை மறுபடியும் வைத்துப் பார்க்க வேண்டும்.