ஒரே ஒடிப்பில் திரும்பும் கார்

திருச்சி பாலக்கரையில் எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்து. அம்பாசிடர்காரர்கள் முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்துதான் வருவார்கள். உள்ளே வந்துவிட்டால் திரும்புவதற்குள் வியர்த்துவிடும். பாட்டியைப் பார்க்க வரும் டாக்டர் மட்டும் கடைசி வேப்பமரம் வரைக்கும் வருவார். போகும்போது ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடிப்பார். அந்த வெளிர்நீல ஸ்டாண்டர்டு ஹெரால்டு பம்பரம் மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பிவிடும். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் கார்மேல் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

பிற்பாடுதான் அதன் ஜாதகம் தெரிந்தது. இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரயம்ப் ஹெரால்டுதான் மூலம். அதற்கு உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கலோட்டி. நம் ஊருக்கு அதை 1961-ல் கொண்டுவந்தது வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. என்ஜின் 948 சிசி. அதே சேசிஸைக் குட்டையாக்கி, அதே வம்சத்து என்ஜினை 1147 சிசியாகப் பெருக்கி, ரெட்டைக் கார்புரேட்டர் வைத்து 1962-ல் டிரயம்ப் இறக்கிய ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். ஸ்போர்ட்ஸ் காரைச் சினிமாவில் மட்டுமே பார்த்த எங்களுக்கு, டாக்டர் வண்டிக்குள் அதன் எலும்புக்கூடு ஒளிந்திருந்தது தெரியாமலே போயிற்று.

மூன்று வருஷத்துக்கு முன், லால்குடிப் பக்கம் ஒரு பழைய ரைஸ்மில் கொட்டகையில் ஒரு ஹெரால்டு அகப்பட்டது. அறுபதுகளின் ரெண்டு கதவு வண்டி. மேலே கோழி அடைந்திருந்தது.

பழைய கார் வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்த்து மயங்கக் கூடாது. நான் சட்டைப்பையில் ஒரு காந்தத்தோடு போனேன். தகரம் இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும்; பட்டி பூசி மெழுகிய இடத்தில் நழுவி விழும். இடது கதவுக்குக் கீழே மூன்று தரம் விழுந்தது. அடுத்து, குனிந்து சேசிஸின் பக்கக் கைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். துரு முதலில் தின்பது அங்கேதான். அதற்கும் முன்னால் ஆர்சி. அதிலுள்ள என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஐம்பது வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிய 2021-லிருந்து தனி விதி உண்டு. நம்பரில் ‘விஏ’ எழுத்து வரும். ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. எனக்கு ஓட்ட ஆசை. சாதாரண ஆர்சியையே புதுப்பித்துக்கொண்டேன்.

பிரிக்க ஆரம்பித்த பிறகுதான் அதன் அருமை புரிந்தது. முன்பக்கத்தில் ரெண்டு கொக்கியை விடுவித்தால் மட்கார்டு, லைட்டு எல்லாம் சேர்ந்து மூக்கு முழுதும் முன்னால் சாய்ந்துவிடும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம். பாடியும் ஒரே தகரமாக இல்லை. துண்டு துண்டாக போல்ட்டில் நிற்கிறது. இது நெருக்கடியில் பிறந்த யோசனை. பாடி செய்துதந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. டிரயம்ப்காரர்களோ துண்டுகளைப் பல இடத்தில் செய்து, தனிச் சேசிஸ்மேல் பூட்டினார்கள். அதனால் மழை ஒழுகும், கடகடக்கும். ஆனால் அழுகிய துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம். பிரித்துப் பூட்ட முடிகிற வண்டிக்குத்தான் ஆயுசு கெட்டி.

கண்டம் வந்தது முன் சக்கரத்தில். வெளியூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலை முடித்து எடுத்துவந்த மறுவாரமே, காந்தி மார்க்கெட் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தபோது ‘டக்’ என்றொரு சத்தம். வலது சக்கரம் மடங்கி மட்கார்டுக்குள் படுத்துவிட்டது.

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் வீட்டோடு லேத் வைத்திருக்கிறார். சக்கரத்தைத் தாங்கும் தூண் உடைந்திருந்தது. அதைக் கையில் வாங்கி, மரையை விரலால் தடவினார். “கிரீஸ் அடிச்சிருக்கான் தம்பி. இது எண்ணெய் குடிக்கிற சாமான்” என்றார்.

அந்தத் தூணின் அடிப்பகுதி, ஒரு மூட்டுக்குள் திருகு போல இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அந்த மரைதான் சுழலும். அங்கே 90 ஆயில் விட்டால் கீழ்வரை கசிந்து இறங்கும். கிரீஸோ வழியிலேயே இறுகிக்கொள்ளும். மரை காயும், தண்ணீர் புகும், துருப்பிடிக்கும், ஒருநாள் முறியும். தூணை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். மூட்டை அண்ணன் கன்மெட்டலில் கடைந்து கொடுத்தார். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி என்ஜின் செய்த பணிமனையில் பழகிய கை, இழை பிசகவில்லை.

பின்சக்கரத்திடமும் எச்சரிக்கை வேண்டும். அந்த ஆக்சில் நடுவில் மடங்கி ஆடும். வளைவில் வேகமாகப் புகுந்து, பயந்து காலைச் சட்டென்று எடுத்தால் சக்கரம் உள்ளே சாய்ந்து வண்டி வாலை வீசும். முக்கொம்பு ரோட்டில் ஒருமுறை வீசியது. அதிலிருந்து வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.

போன தையில் வண்டியை முதன்முதலாக எங்கள் தெருவுக்குள் விட்டேன். வேப்பமரம் இப்போது இல்லை. அந்த இடத்தில் வரிசையாக பைக்குகள். கம்பெனிக் கணக்குப்படி இந்தக் கார் திரும்ப 25 அடி போதும். முந்தின நாளே தெருவின் அகலத்தை டேப் பிடித்து அளந்துவைத்திருந்தேன்: 28. கடைசிவரை ஒடித்தேன். அடியில் அண்ணன் கடைந்த மரை சத்தமில்லாமல் சுழன்றது. மாடியிலிருந்து ஒரு சிறுவன் கத்தினான்: “தாத்தா, இன்னொரு தடவை!”

திருப்பினேன்.