கல்லைக் காட்டிக் கேட்ட காணி

'பாலைவனச் சிங்கம்' படத்தை நான் முதலில் பார்த்தது வீடியோ கொப்பியில்தான். உமர் முக்தாரைத் தூக்கிலிடும் காட்சி முடிந்ததும் வாப்பா கேட்டார்: "அதெல்லாம் சரி மகன், இத்தாலிக்காரனுக்கு லிபியாவில என்ன வேல?"

இத்தாலியிடம் அதற்கொரு விடை இருந்தது. நாங்கள் புதிதாக வரவில்லை, திரும்பி வருகிறோம் என்பதே அது. 1911இல் உதுமானியரிடமிருந்து திரிப்போலியைப் பறிக்க இறங்கியபோதே ரோமப் பேரரசின் பெயர் பேசப்பட்டது. முசோலினி காலத்தில் அதுவே அரச கொள்கையாயிற்று. மத்தியதரைக் கடலை 'எமது கடல்' என்ற ரோமர் காலப் பெயரால் அழைத்தார்கள். 1934இல் ஒன்றிணைத்த குடியேற்ற நாட்டுக்கு இட்ட 'லிபியா'வும் பண்டைய பெயர்தான். அதே ஆண்டு ரோம் நகர வீதியொன்றின் சுவரில், பழைய பேரரசு வளர்ந்த விதத்தைக் காட்டும் நான்கு வரைபடங்களைப் பதித்தார்கள். எத்தியோப்பியா வீழ்ந்த 1936இல் ஐந்தாவதும் சேர்ந்தது. அது முசோலினியின் பேரரசு.

லெப்டிஸ் மக்னாவில் தோண்டியெடுத்த ரோமத் தூண்கள் பொய்யல்ல. இந்தப் புனைவின் பலமே அதுதான். கல் உண்மை, அதைக் காணி உறுதியாக்கியதுதான் மோசடி. ரோமர் காலம் முடிந்ததும் கதை நேரே இத்தாலியரிடம் தாவுகிறது. இடையில் அங்கு 1200 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த முஸ்லிம்கள் கணக்கில் இல்லை. லெப்டிஸைத் தொடக்கியவர்கள் ரோமரல்லர், பினீசியர் என்பதும் கணக்கில் இல்லை.

கணக்கில் இல்லாதவர்களை அப்புறப்படுத்துவது லேசு. 1930இல் தொடங்கி பர்காப் பிரதேசத்தின் சுமார் ஒரு இலட்சம் மக்கள் முட்கம்பி முகாம்களுக்கு விரட்டப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் அங்கேயே மௌத்தானார்கள். 1931 செப்டம்பர் 16இல், எழுபது வயது கடந்த உமர் முக்தார் சுலூக்கில் தூக்கிலிடப்பட்டார். 1938இல் ஏறத்தாழ 20,000 இத்தாலியக் குடியேறிகள் ஒரே தொகுதியாகக் கப்பலில் வந்து சேர்ந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவே, 1937இல் திரிப்போலியில் 'இஸ்லாத்தின் வாள்' என்றொன்றை ஏந்தி, தன்னை முஸ்லிம்களின் காவலனாகக் காட்டிக்கொண்டவரும் இதே முசோலினிதான். ஆள்பவனுக்கு வரலாறு ஒரு கருவிப்பெட்டி. எது தேவையோ அதை எடுப்பான்.

அதனால், பழைய கல்லைக் காட்டி யார் உரிமை கேட்டாலும் நான் முதலில் தேடுவது இடையில் விடுபட்ட ஆண்டுகளைத்தான். அந்தலூஸை மீட்பது பற்றி நம்மவர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசும்போதும் அப்படித்தான். இப்போது அங்கே வாழ்கிற சனங்களுக்கு நாம் என்ன சொல்லப் போகிறோம்? வாப்பாவின் கேள்வி நமக்கும் உரியது.