கழித்தல் குறியை விழுங்கும் கோடுகள்!

காவிரியின் கிழக்குக் கரையில் பள்ளிபாளையம். மேற்குக் கரையில் ஈரோடு. நடுவே பாலம்.

பாலத்தின் மத்தியில் ஒருவர் நிற்பதாக வைத்துக் கொள்ளுங்கள். அவருக்குக் கிழக்கே 300 அடியில் அண்ணன். மேற்கே 300 அடியில் தம்பி. யார் அதிகத் தொலைவில் இருக்கிறான்?

இருவரும் ஒரே தொலைவில்தான். இதைச் சொல்லக் கணக்கு வாத்தியார் தேவை இல்லை.

11-ம் வகுப்பில் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள். பாலத்தின் மத்தி பூஜ்யம். கிழக்கே போனால் கூட்டல். மேற்கே போனால் கழித்தல். 100 அடியை 1 என்று கொண்டால், அண்ணன் நிற்கும் இடம் 3. தம்பி நிற்கும் இடம் –3. திசையை விட்டுத் தூரத்தை மட்டும் கேட்டால் இரண்டுக்கும் 3 என்பதே விடை. இந்தத் தூரத்துக்கு "மட்டு மதிப்பு" என்று பெயர். எண்ணின் இரு பக்கமும் நிமிர்ந்த கோடு போட்டு, |–3| = 3 என்று எழுதுவார்கள்.

1841-ல் இந்தக் கோடுகளைப் பயன்படுத்தியவர் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் வையர்ஸ்ட்ராஸ். பெரிய மேதை. ஆனாலும் பல ஆண்டுகள் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். கணக்கோடு கையெழுத்தும் தேகப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்!

தறியில் என்ன வேலை?

பள்ளிபாளையத்தில் விசைத்தறிகள் ஏராளம். 50 அங்குல அகலத்தில் துணி வேண்டும் என்று ஒரு வியாபாரி கேட்கிறார். ஒரு துணி 51 அங்குலம் வந்துவிட்டது. இன்னொன்று 49. ஒன்றில் 1 கூடுதல். மற்றதில் 1 குறைவு. இரண்டையும் கூட்டினால் பூஜ்யம். பிழையே இல்லை என்று ஆகிவிடும்!

வியாபாரி ஒப்புக்கொள்வாரா? இரண்டையும் திருப்பி அனுப்பி விடுவார். நூலும் போச்சு, கூலியும் போச்சு. மட்டு மதிப்பு போட்டுப் பார்த்தால் 1-ம் 1-ம் சேர்ந்து 2. ஒரு பிழை இன்னொரு பிழையை மறைக்க முடியாது.

படம் போடலாம்

தம்பி ஈரோட்டுப் பக்கத்திலிருந்து கிழக்கே நடக்கிறான். அவன் இருக்கும் இடம் எக்ஸ். மத்தியிலிருந்து அவன் தூரம் ஒய். –3-ல் தூரம் 3. –2-ல் 2. –1-ல் 1. மத்தியில் பூஜ்யம். தாண்டியதும் 1, 2, 3 என்று மறுபடி ஏறுகிறது. புள்ளிகளைச் சேர்த்தால் ஆங்கில எழுத்து 'வி'!

மாணவர்கள் பலர் இதன் கீழ்ப்பகுதியைக் கிண்ணம் போல வளைத்து விடுகிறார்கள். அது தவறு. மத்தியை நெருங்கும்போது, ஒரு அடி நடந்தால் தூரம் ஒரு அடி குறைகிறது. தாண்டிய உடனே, ஒரு அடி நடந்தால் ஒரு அடி கூடுகிறது. நடுவில் மெல்லத் திரும்புவது என்பதே கிடையாது. ஆகவே மூலை கூராகத்தான் இருக்கும்.

மார்க் போகும் இடம் இன்னொன்று உண்டு. ஒய் = |எக்ஸ் – 3|. கழித்தல் குறியைப் பார்த்ததும் படத்தை இடது பக்கம் தள்ளி விடுவார்கள். உள்ளே இருப்பது எப்போது பூஜ்யம் ஆகிறது? எக்ஸ் 3 ஆகும்போது. அப்படியானால் மூலை வலது பக்கம், 3-ல். சூத்திரம் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கோடுகளுக்கு வெளியே 2 கூட்டினால் படம் முழுவதும் 2 கட்டம் மேலே ஏறும். வெளியே, முன்னால் கழித்தல் குறி போட்டால் 'வி' தலைகீழாகக் கவிழும்.

துணிக் கணக்குக்கும் இதே படம்தான். அகலம் எக்ஸ், பிழை ஒய். ஒய் = |எக்ஸ் – 50|. மூலை 50-ல். அரை அங்குலம் வரை பரவாயில்லை என்கிறார் வியாபாரி. படத்தில் அரை உயரத்தில் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். அது 'வி'யின் இரண்டு கைகளையும் வெட்டும். ஒரு பக்கம் 49½. மறு பக்கம் 50½. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட துணி கடைக்குப் போகும்.