பி.பி. நம்பர் முதல் சிசிடிவி வரை

1990-களின் கடைசியில் ஒய்2கே மென்பொருள் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து இறங்கியவர்களின் பெட்டியில் பிரஷர் குக்கரும் ஒரு முகவரி நோட்டும் கட்டாயம் இருக்கும். நோட்டில் பாதி எண்களுக்கு முன்னால் 'பி.பி.' என்று போட்டிருக்கும். அதாவது, அவர்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னால் ஆளைக் கூட்டி வருவார்கள்.

நான் வந்து சேர்ந்தது நியூஜெர்சியில். எடிசனின் ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஐந்து டாலர், பத்து டாலர் போன் கார்டுகள் தொங்கும். இங்கே சனிக்கிழமை ராத்திரி என்றால் கும்பகோணத்தில் ஞாயிறு காலை. கார்டின் வெள்ளிப் பூச்சைக் காசால் சுரண்டி, இலவச எண்ணை அழுத்தி, பின் நம்பரை அடித்து, அதற்கப்புறம்தான் ஊர் நம்பர். இத்தனை நிமிடம் பாக்கி என்று ஒரு பெண் குரல் சொல்லும். அவள் சொன்ன நிமிடம் முழுசாகக் கிடைத்ததே இல்லை. இணைப்புக் கட்டணம் என்றும் அரை நிமிடத்தை முழு நிமிடமாக்கியும் கார்டு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அதனால் பக்கத்து வீட்டு மாமி எடுத்ததும், "மாமி, அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன், பத்து நிமிஷம் கழிச்சுப் பண்றேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட வேண்டும்.

அம்மா மூச்சு வாங்க வந்து நிற்பாள். மாமி வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு கடனையும் அப்பாவின் சர்க்கரையையும் பேச முடியுமா? "எல்லாரும் நல்லா இருக்கோம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு." அவ்வளவுதான். கடிதத்திலும் இதே கதைதான். வந்து சேர இரண்டு வாரம் ஆகும். காய்ச்சல் என்று எழுதியிருந்தால் நாம் படிக்கும்போது காய்ச்சல் போயிருக்கும். முழு உண்மை இல்லை என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சின் பலத்தில் ஒரு வாரம் தூங்கலாம்.

அன்றைய ஏக்கம் பெரும்பாலும் பற்றாக்குறைதான். குரலுக்குப் பற்றாக்குறை, நாக்குக்குப் பற்றாக்குறை. கோயம்புத்தூர் கிரைண்டரை ஆசையாகச் சுமந்து வந்தால் அது 230 வோல்ட். இங்கே சுவரில் வருவது 120. கூடவே ஒரு டிரான்ஸ்பார்மரையும் கட்டி அழ வேண்டும். குளிர்காலத்தில் மாவு பொங்காது. அடுப்பைப் பற்றவைக்காமல், ஓவனுக்குள் இருக்கும் பல்பை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை ராத்திரி முழுக்க உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவோம். காலையில் திறந்து, பொங்கியிருந்தால் அன்றைக்கு அந்த அபார்ட்மென்டில் பண்டிகை.

இன்று அந்தக் குறைகளில் பெரும்பாலானவை தீர்ந்துவிட்டன. அமெரிக்க மின்சாரத்துக்கென்றே 110 வோல்ட் கிரைண்டர்கள் வருகின்றன. அரைக்கச் சோம்பலாக இருந்தால் டப்பாவில் மாவு விற்கிறார்கள். இந்திய மாம்பழத்துக்கு 2007-இல் கதவு திறந்தது, கதிர்வீச்சால் பதப்படுத்தித்தான் வரவேண்டும் என்றாலும். கறிவேப்பிலையை மட்டும் இன்றும் பெட்டியில் கொண்டுவரக் கூடாது. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைப் பாழாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் சுங்கத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். சாமிக்கும் குறையில்லை. நியூயார்க் பிளஷிங் பிள்ளையார் கோயில் 1977-லேயே எழுந்துவிட்டது. அதன் கேன்டீன் தோசைக்காகவே வருகிறவர்கள் உண்டு. 2024-இல் நியூயார்க் நகரப் பள்ளிகள் தீபாவளிக்கு விடுமுறையே விட்டன.

குரலின் கதை இதைவிட வேகம். வெளிநாட்டு அழைப்புகளில் வி.எஸ்.என்.எல். வைத்திருந்த ஏகபோகம் 2002-இல் முடிந்தது. 2016-இல் ஜியோ வந்தது; அதே ஆண்டு வாட்ஸ்அப்பில் வீடியோ காலும் வந்தது. மாமி வீட்டுக்கு ஓடிய அம்மா இப்போது தன் கையில் இருக்கும் போனில், சமையலறையிலிருந்தே, ரசம் கொதிப்பதைக் காட்டுகிறாள். நிமிடக் கணக்கு இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

ஆனால் என்ன பேசுகிறோம்? சுகர் எவ்வளவு, மாத்திரை போட்டாச்சா, இன்வெர்ட்டருக்குத் தண்ணி ஊத்தினாங்களா, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எப்போது. கரன்ட் பில்லை இங்கிருந்தே கட்டுகிறோம். மளிகை, மருந்து எல்லாம் இங்கிருந்தே ஆர்டர் போகிறது. 2023-இல் அமெரிக்கா உட்படச் சில நாடுகளின் போன் எண்ணிலிருந்தும் யுபிஐ பயன்படுத்த வழி பிறந்ததும் பால்காரர் கணக்குவரை நம் கைக்கு வந்துவிட்டது. அன்று ஊரை நினைத்து உருகியவன் இன்று எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒரு வீட்டின் மேனேஜர்.

அப்பா ஒருமுறை கால் தடுக்கியதும் கூடத்தில் சிசிடிவி மாட்டச் சொன்னேன். காலையில் ஆபீஸில் எட்டிப் பார்த்தால் ஒரே இருட்டு. பதறிக் கூப்பிட்டேன். "துண்டு போட்டு மூடியிருக்கேன்டா. நான் என்ன பேங்க்கா, ராத்திரி பகலா பார்த்துக்கிட்டே இருக்க?" என்றாள் அம்மா. பின்னால் அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது.

மாறாத சிலவற்றையும் சொல்ல வேண்டும். சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் எங்கும் நிற்காமல் பறக்கும் விமானம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. துபாயோ லண்டனோ ஏறி இறங்கி, வீட்டு வாசலைத் தொட ஒரு நாள் ஓடிவிடும். விசா முத்திரைக்கு ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்தில் நிற்க வேண்டும் என்பதும் மாறவில்லை. வேலை வழியாகக் கிடைக்கும் கிரீன் கார்டில் ஒரு நாட்டவருக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பால் இந்தியர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதுவரை ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம், திரும்பி வர முடியுமா என்ற கேள்வியும் கூடவே விமானம் ஏறும். 2020-இல் தூதரகங்களும் விமானங்களும் முடங்கியபோது, பெற்றவரின் கடைசிக் காரியத்தைப் போன் திரையில் பார்த்துக் கும்பிட்டவர்கள் எத்தனையோ பேர்.

செய்தி நொடியில் வருகிறது. நாம் போய்ச் சேர அதே ஒரு நாள். அன்று சேதி தாமதமானதால் ஏக்கத்தோடு நின்றோம். இன்று எல்லாம் உடனே தெரிந்துவிடுவதால் ஏக்கம் குற்றவுணர்வாகிவிட்டது. அந்தக் குற்றவுணர்வுதான் கேமராவாகவும் மாத்திரைக் கணக்காகவும் வெளியே வருகிறது. அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு அழைப்பும் விசாரணையாக மாறினால், எழுபது வயதில் அவர்களுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை, மேலதிகாரி கிடைத்திருக்கிறார்.

வெளிநாட்டில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஆறு நாள் நிர்வாகம் செய்யுங்கள். செய்துதான் ஆக வேண்டும். ஏழாவது நாள் சுகரைக் கேட்காதீர்கள், பில்லைக் கேட்காதீர்கள். தெருவில் யார் வீட்டுக் கல்யாணம், எந்த சீரியலில் யார் அழுகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் வேலையில் இருக்கும் தொல்லையையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர்கள் உங்களுக்குப் புத்தி சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.