நீர்மை என்னுஞ் சொல்

நீர்மை என்பது நீர் என்னும் பெயரடியாகப் பிறந்து, மை என்னும் பண்புணர்த்தும் விகுதி பெற்று வந்த சொல். நீருக்குரிய கசிவு, நெகிழ்ச்சி, தண்மை என்பன அதன் முதற்பொருளாம். சாறு நிறைந்த கனியின் ஈரமும் இதனுள் அடங்கும். ஆயின் நூல்களில் இச்சொல் பெரும்பாலும் குணம், இயல்பு என்னும் பொருளிலேயே பயில்கின்றது. கசிவைக் குறித்த சொல் குணத்தைக் குறித்தற்கு இயைபு யாது?

இதற்குத் தூத்துக்குடிக் கடற்கரை துணைசெய்யும். கொற்கைக்குப் பின் முத்துக்குளிப்பிற்குத் தலைநிலையமாய் விளங்கியது அவ்வூர். மன்னார் வளைகுடாப் பார்களிற் சிப்பி குளித்தெடுக்கும் சலாபம் 1961-ஆம் ஆண்டோடு அங்கு நின்றுபோயிற்று, சொல் நிற்கின்றது. முத்து முதலிய மணிகளின் ஒளியை நீரோட்டம் என்பது தமிழ்வழக்கு. பாரசீக மொழியிலும் ஆப் என்னும் ஒரே சொல் நீரையும் மணியொளியையும் உணர்த்தும்.

முத்திலே பருகுதற்குரிய நீர் இல்லை. சுண்ணப்பொருள் மென்படலங்களாய் ஒன்றன்மேலொன்று படிந்தமைந்தது அது. அப்படலங்களிற் பட்ட ஒளி மீளுதலே நீரோட்டமாய்த் தோன்றும். கனியைப் பிழிந்தால் சாறு வேறு, சக்கை வேறாகும். முத்தைப் பொடித்தாலோ நீரோட்டந் தனித்து வருவதில்லை. பிரிக்கலாகும் ஈரத்தினின்று பிரிக்கலாகா ஒளிக்குச் சொல் சென்ற இடத்தே, குணப்பொருளுக்கு இயைபு புலனாகின்றது. (தத்துவ முறையோ இதற்கு மறுதலை: இரத தன்மாத்திரையினின்று அப்பு தோன்றும், சுவை முன், நீர் பின். சொற்பிறப்பு வேறு, பொருட்பிறப்பு வேறென்க.)

சித்தாந்திகட்கு இவ்வேறுபாடு சிறிதன்று. இறைவனது நீர்மை என்றவிடத்து அதனைச் சாறுபோற் கொள்வோர், அருளை அவனின் வேறாய், இடையே வந்து கூடியதொரு பொருளாகக் கருத நேரும். குணகுணிகட்குத் தாதான்மியங் கூறி, சிவத்தின் வேறாகாத சத்தியே அருள் என்பது சைவநூற் றுணிபு. முத்தும் நீரோட்டமும் அதற்கு அணித்தாய உவமை, முழுவுவமை அன்று. வியர்வையும் புளிப்பும் பட்டால் முத்தின் ஒளி மழுங்கும். சிவத்தின் அருளுக்கு மழுங்குதல் இல்லை.

இனி, நீர்மை என்பதனைத் தன்மை என்று மாத்திரம் பொழிப்புரைத்து அமைவாரும் உளர். தன்மை, தான் என்பதனடியாக வந்தது. ஒரு பொருட்குத் தனக்குரியதாய இயல்பைச் சுட்டுவது. கருங்கல்லுக்கும் அது உண்டு. தண்மையோடு மயங்கற்க. நீர்மை கசிவையுங் குளிர்ச்சியையும் உடன்கொண்டு நிற்றலின், அருள் கூறும் இடங்களிலேனும் அவ்விரண்டும் தோன்ற உரைத்தலே பொருத்தமாம்.