வால்டர் டல்: பதறாத கால், பதறாத மனம்

முன்வரிசை ஆட்டக்காரனிடம் எல்லோரும் வேகத்தைத் தேடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தரும் நான் நிதானத்தைத் தேடுகிறேன். பந்து காலுக்கு வந்ததும் பதறாமல் தலைநிமிர்ந்து, யாருக்குத் தள்ளிவிடலாம் என்று பார்ப்பவன்தான் ஆட்டத்தை நடத்துகிறான். அதற்கு நான் எப்போதும் சொல்லும் பெயர் வால்டர் டல்.

1888-இல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் என்ற கடலோர ஊரில் பிறந்தார். அப்பா டேனியல், பார்படோஸ் தீவிலிருந்து வந்த கறுப்பினத் தச்சர்; தாத்தா அங்கே அடிமையாக இருந்தவர். அம்மா ஆலிஸ் உள்ளூர் வெள்ளைக்காரப் பெண். 1895-இல் அம்மாவும் 1897-இல் அப்பாவும் இறந்துபோனார்கள். அத்தனை பிள்ளைகளையும் வளர்க்க, அப்பா மறுமணம் செய்திருந்த சிற்றன்னைக்கு வழியில்லை. வால்டரும் அண்ணன் எட்வர்டும் லண்டனில் மெதடிஸ்ட் சபையினர் நடத்திய அநாதை இல்லத்துக்குப் போனார்கள். பிறகு கிளாஸ்கோ குடும்பம் ஒன்று எட்வர்டைத் தத்தெடுத்துக்கொண்டது. அவர் பல் மருத்துவரானார். வால்டர் இல்லத்திலேயே தங்கி அச்சுத்தொழில் கற்றார்.

1908-இல் கிளாப்டன் என்ற அமெச்சூர் கிளப்பில் சேர்ந்தார். அந்தப் பருவத்திலேயே கிளப் அமெச்சூர் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டு டாட்டனம் ஹாட்ஸ்பர் அவரை எடுத்துக்கொண்டது. அன்று எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வாரச் சம்பளம் 4 பவுண்டைத் தாண்டக்கூடாது என்பது கால்பந்துச் சங்கத்தின் கட்டுப்பாடு. ஆனாலும் அச்சுக்கூடத்தை விட்டு மைதானத்தையே பிழைப்பாக்கிக்கொள்ள அது போதும். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் ஆடிய கறுப்பின வீரர்களை அப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1909 அக்டோபரில் பிரிஸ்டல் சிட்டியுடன் ஆட்டம். பார்வையாளர்களில் ஒரு கூட்டம் அவருடைய நிறத்தைச் சொல்லிக் கேவலமாகக் கூச்சலிட்டது. அங்கிருந்த பத்திரிகையாளர் ஒருவர், அன்று மைதானத்தின் சிறந்த ஃபார்வர்டு டல்தான் என்றும், மனத்திலும் ஆட்டத்திலும் அவர் காட்டிய தூய்மை வெள்ளை ஆட்டக்காரர்களுக்கே முன்மாதிரி என்றும் எழுதினார். ஆனாலும் டாட்டனம் அவரை விரைவிலேயே ரிசர்வ் அணிக்கு இறக்கிவிட்டது. 1911-இல் நார்தாம்ப்டன் டவுனின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் அவரை அழைத்துக்கொண்டார். பின்னாளில் ஆர்சனலை உயர்த்திய அதே சாப்மன். அங்கே டல் நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடினார்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. நாடு சண்டையிடும்போது இளைஞர்கள் பந்து ஆடிக்கொண்டிருப்பதா என்று கண்டனம் எழுந்தது. டிசம்பரில் மிடில்செக்ஸ் ரெஜிமெண்டில் கால்பந்து வீரர்களுக்கென்றே ஒரு பட்டாலியன் உருவானது. டல் அந்த மாதமே சேர்ந்து, விரைவில் சார்ஜென்ட் ஆனார். 1916-இல் பிரான்சின் போர்முனை அவருடைய மனத்தையும் உலுக்கியது. சிகிச்சைக்காக ஊருக்கு அனுப்பினார்கள். தேறியதும் சோம் போர்க்களத்துக்குத் திரும்பினார். நிதானம் என்பது அஞ்சாமை அல்ல, அஞ்சிய பிறகும் கடமைக்குத் திரும்புவது என்று இந்த இடத்தில்தான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

கலப்பற்ற ஐரோப்பிய வம்சாவளியைச் சேராதவர் அதிகாரியாகக்கூடாது என்பது அன்றைய ராணுவ விதி. ஆனால் மேலதிகாரிகளே டல்லை அதிகாரிப் பயிற்சிக்குப் பரிந்துரைத்தார்கள். 1917 மே மாதம் அவர் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். 1918 புத்தாண்டையொட்டி, இத்தாலியின் பியாவே ஆற்றைக் கடந்து நடந்த இரவுத் தாக்குதலில் காவல் அணியை நடத்திச் சென்றார். கடும் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவிலும் ஓர் உயிர்கூடப் போகாமல் எல்லோரையும் திருப்பி அழைத்துவந்தார். ஜெனரல் லாஃபோர்டு அவருடைய துணிவையும் பதற்றமின்மையையும் எழுத்தில் பாராட்டினார். பிரிஸ்டலில் பத்திரிகையாளர் கண்ட குணமும் இதுதான்.

1918 மார்ச் 25 அன்று பிரான்சின் ஃபவ்ரெய் அருகே டல் சுடப்பட்டு இறந்தார். லெஸ்டர் ஃபோஸ் கிளப்பின் கோல்கீப்பராக இருந்த டாம் பில்லிங்ஹாம் அவருடைய உடலைத் தூக்கிவர முயன்றார், குண்டுமழையில் முடியவில்லை. கல்லறை இல்லாத அவர் பெயர் அராஸ் நினைவுச் சின்னத்தில் இருக்கிறது. ராணுவச் சிலுவைப் பதக்கத்துக்கு அவரைப் பரிந்துரைத்திருந்ததாக உடனிருந்த அதிகாரி எட்வர்டுக்கு எழுதினார். பதக்கம் வரவேயில்லை.

அந்தப் பதக்கத்தை இன்றைக்காவது கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பொதுவாக, டல்லைத் தடைகளை உடைத்தவர் என்று கொண்டாடுகிறார்கள், அது சரிதான். ஆனால் அவரை நம்பி ஆற்றில் இறங்கியவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். விதிப்புத்தகம் கூடாது என்று சொல்லியிருந்தபோதும், அவர்கள் தங்கள் உயிரை அவர் கையில் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கையை அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அவருடைய நிதானம்தான்.