லாரி, பஸ் ஓட்டுநர்களே, எது உங்கள் பொறுப்பு, எது இல்லை?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் வழியில் இருக்கிறது சேரப்பணஞ்சேரி. கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் நிறைந்த இந்தத் தடத்தில் கண்டெய்னர் டிரெய்லர்களும் கம்பெனி பஸ்களும் இரவு பகலாக ஓடுகின்றன. லோடு எவ்வளவு என்பதை முடிவு செய்பவர் ஒருவர். எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று சொல்பவர் இன்னொருவர். எஃப்சியும் இன்சூரன்ஸும் எடுக்க வேண்டியவர் உரிமையாளர். வழியில் வண்டியை நிறுத்தினால் மட்டும் பதில் சொல்ல நிற்பவர் ஓட்டுநர் ஒருவரே.

சட்டம் எல்லாவற்றையும் ஓட்டுநர் தலையில் கட்டவில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988 ஓட்டுநருக்கும் உரிமையாளருக்கும் பொறுப்பைப் பிரித்தே வைத்திருக்கிறது. தன் பங்கு எதுவென்று தெரிந்த ஓட்டுநர்தான் அடுத்தவர் பங்கைச் சுமக்க மறுக்க முடியும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

லைசன்ஸ்: முழுக்க உங்கள் பொறுப்பு

போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். லைசன்ஸில் அந்த வகை வண்டிக்கான அனுமதி பதிவாகியிருக்க வேண்டும். இந்த லைசன்ஸ் 5 ஆண்டு செல்லும். டேங்கர் போன்ற வண்டிகளில் எரிபொருள், ரசாயனம் ஏற்றிச் செல்பவர்களுக்கு 3 ஆண்டுதான். அதற்கென்று தனிப் பயிற்சியும் கட்டாயம்.

காலாவதியான பிறகும் 30 நாள் ஓட்டலாம் என்று இன்றும் பல ஓட்டுநர்கள் நம்புகிறார்கள். அந்தச் சலுகை 2019 திருத்தத்தோடு போய்விட்டது. தேதி முடிந்த மறுநாளே நீங்கள் லைசன்ஸ் இல்லாதவர். முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். மருத்துவரிடம் படிவம் 1ஏ வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்து ஓராண்டுக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

சிறிய டெம்போ, மினி லாரி ஓட்டுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை இலகுரக வாகன லைசன்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. அதற்கு மேற்பட்ட லாரிக்கும் பஸ்ஸுக்கும் இது பொருந்தாது.

உரிய லைசன்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் உரிமையாளருக்கும் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பணம் கொடுத்துவிட்டு, பிறகு அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலிக்கும்படி தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம். லைசன்ஸைச் சரிபார்க்காமல் சாவியைக் கொடுக்கும் உரிமையாளர் தன் சொத்தையே பணயம் வைக்கிறார்.

வண்டியின் ஆவணங்கள்: உரிமையாளர் தர வேண்டும், நீங்கள் பார்க்க வேண்டும்

ஆர்சி, பர்மிட், எஃப்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி கட்டிய ரசீது ஆகியவற்றை எடுத்துத் தருவது உரிமையாளரின் கடமை. 8 வயதைத் தாண்டிய லாரி, பஸ்ஸுக்கு எஃப்சி ஆண்டுக்கு ஒருமுறை. அதற்குட்பட்டவற்றுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை. பர்மிட் இல்லாமல் ஓட்டினாலும் ஓட்ட அனுமதித்தாலும் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமும் 6 மாதம் வரை சிறையும் விதிக்கலாம்.

டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் உள்ள ஆவணங்கள் அசலுக்குச் சமம். வாட்ஸ்அப்பில் உரிமையாளர் அனுப்பிய போட்டோ அப்படி அல்ல. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்சி, இன்சூரன்ஸ் முடியும் தேதி தெரிந்துவிடும். புதிதாக ஒரு வண்டியில் ஏறும் முன் இதைப் பாருங்கள். ஏதாவது முடிந்திருந்தால், “எஃப்சி முடிந்துவிட்டது சார், எடுத்துக் கொடுத்தால்தான் வண்டியை எடுப்பேன்” என்று உரிமையாளருக்கு மெசேஜ் அனுப்புங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது, மெசேஜ் நிற்கும்.

சரக்கு வண்டி என்றால் பில்லும் இ-வே பில்லும் கையில் இருக்க வேண்டும். இ-வே பில்லின் இரண்டாம் பகுதியில் வண்டி எண் இருக்கும். வேறு லாரிக்குச் சரக்கை மாற்றி ஏற்றியும் பழைய எண்ணே இருந்தால் ஜிஎஸ்டி அதிகாரிகள் வண்டியோடு நிறுத்திவிடுவார்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பதே இ-வே பில் செல்லுபடியாகும் கணக்கு. சரக்கு கம்பெனியுடையது, தவறு அலுவலகத்துடையது, பட்டினி கிடந்து காத்திருப்பது ஓட்டுநர். கேட்டைத் தாண்டும் முன் இ-வே பில்லில் உள்ள வண்டி எண்ணைப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

ஓவர்லோடு: ஏற்றச் சொன்னவருக்கும் பங்கு உண்டு

அனுமதித்த எடையை மீறினால் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், மிகுதிச் சரக்கை இறக்கும் செலவும் சேரும். பிரிவு 194 இந்தத் தண்டனையை ஓட்டுபவருக்கு மட்டும் சொல்லவில்லை. ஓட்டச் செய்பவருக்கும், ஓட்ட அனுமதிப்பவருக்கும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் எடை போட நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் போனாலோ, எடைக்கு முன் சரக்கை இறக்கிவிட்டாலோ 40,000 ரூபாய் அபராதம், அது ஓட்டுநருக்கே. ஓவர்லோடு ஓட்டியதற்காக லைசன்ஸையும் நிறுத்தி வைக்கலாம்.

ஆர்சியில் மொத்த எடை அச்சாகியிருக்கிறது. எடைமேடைச் சீட்டை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீறினால் சீட்டைப் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பி, குறைக்கச் சொல்லுங்கள். அபராதத்தைப் பேட்டாவில் பிடித்துக்கொண்டால் எழுத்துக் கணக்குக் கேளுங்கள். தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

கம்பெனி பஸ் ஓட்டுநருக்கு

ஒப்பந்த பஸ்ஸின் பர்மிட், ஒப்பந்தத்தில் உள்ள ஆட்களை ஏற்றிச் செல்லத்தான். காலி சீட்டில் வழிப் பயணியை ஏற்றிக் காசு வாங்கினால் அது பர்மிட் மீறல். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஏற்றினால் கூடுதலான ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய். அவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடாகும்வரை பஸ்ஸை நகர்த்தவும் முடியாது.

நைட் ஷிப்ட்டை இறக்கிவிட்டு, தூங்காமல் காலை ஷிப்ட்டை ஏற்றப் போவது இந்தத் தடத்தின் பெரிய ஆபத்து. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலையில்லை, இடையில் அரைமணி ஓய்வு என்று 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. 8 மணி நேர வரம்பு அதிலும் தொடர்கிறது. ட்ரிப் ஷீட்டில் உண்மையான நேரத்தையே எழுதுங்கள். 50 தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டு வரும் பஸ்ஸில் விழித்திருக்க வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான்.

மது விஷயத்தில் சமரசம் இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் முதல் முறை 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

விபத்து நடந்துவிட்டால்

2024 ஜனவரி முதல் வாரம் நாடு முழுவதும் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106(2), விபத்தில் உயிர் போனபின் தகவல் சொல்லாமல் தப்பினால் 10 ஆண்டு வரை சிறை என்றது. அதை எதிர்த்துத்தான் அந்தப் போராட்டம். மற்ற பிரிவுகள் 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தன. இந்த உட்பிரிவை மட்டும் ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. ஆனால் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 106(1)படி 5 ஆண்டு வரை சிறை உண்டு. இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம்.

அடி வாங்கிவிடுவோமோ என்ற பயத்தில்தான் பெரும்பாலோர் ஓடுகிறார்கள். அந்தப் பயத்தைச் சட்டமும் அறிந்திருக்கிறது. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சொல்லும் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 134, கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போனால் விலக்கும் தருகிறது. அதனால் நின்றால் உயிருக்கு ஆபத்து என்றால் விலகுங்கள். ஆனால் நேராக அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போங்கள். போகும்போதே 108க்கும் 112க்கும் அழையுங்கள். அந்த அழைப்பு ஒரு உயிரைக் காப்பாற்றலாம். நீங்கள் ஒளியவில்லை என்பதற்குச் சாட்சியும் அதுவே. 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தகவல் சொல்லியாக வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். குடும்பத்தாருக்குத் தகவல் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். காவலில் இருப்பவருக்கு வருமானம் எதுவானாலும் இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள்; உதவி எண் 15100. வேறு டிரைவர் பெயரைச் சொல்கிறோம் என்று யார் பேசினாலும் உடன்படாதீர்கள். ஆள் மாற்றிச் சொல்வது தனிக் குற்றம். இன்சூரன்ஸும் கைவிட்டுப் போகும்.

உங்களுக்கும் குடும்பம் இருக்கிறது

இன்சூரன்ஸ் பாலிசியில் சம்பள ஓட்டுநருக்கான பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வேலையில் இருக்கும்போது உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் இழப்பீடு தர வேண்டியவர் உரிமையாளர். அதைக் கேட்க, அவரிடம் வேலை பார்த்தீர்கள் என்பதற்கு ஆதாரம் தேவை. சம்பளத்தை வங்கி வழியாக வாங்குங்கள். ட்ரிப் ஷீட்டின் நகலை வீட்டில் வையுங்கள். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கான தமிழ்நாடு நல வாரியத்தில் பதிவு செய்து, உரிய காலத்தில் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ட்ரிப்புக்கு முன் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: லைசன்ஸ் தேதியைப் பாருங்கள், வண்டியின் தேதிகளைச் செயலியில் பாருங்கள், குறை இருந்தால் உரிமையாளருக்கு எழுத்தில் சொல்லுங்கள். உங்கள் பங்கைச் சரியாகச் செய்துவிட்டீர்கள் என்றால், மற்றவர்களின் பங்கை நிமிர்ந்து நின்று கேட்கலாம்.